மலையடிக் கோயிலில் ஒரு மேல்முறையீடு

பல் துலக்கலாம் என்று காதுக்குப் பின்னாலிருந்து அனுமதி வந்த பிறகுதான் வடிவு பிரஷை எடுத்தாள். எல்லோர் மண்டையிலும் ஒரு தீர்ப்பி இருந்தது. கடுகளவுக் கருவி. இட்லியா தோசையா என்பதிலிருந்து எல்லாவற்றையும் அதுவே கணக்கிட்டுச் சொல்லிவிடும். வடிவுக்கு அதன்மேல் ஒரு குறையும் இருந்ததில்லை, போன செவ்வாய்க்கிழமை வரை.

அன்றுதான் அது, "குடும்பத்தோடு டைட்டனுக்குக் குடிபோகவும்" என்றது. சனிக்கோளின் நிலவு. பத்து வருடம். அங்கே மீத்தேன் ஏரிகளை அளக்கும் வேலை அவள் கணவன் இசக்கிராஜுக்குக் கிடைத்திருந்தது.

தீர்ப்பியை மறுக்க முடியாது. ஏதாவது ஒரு பழைய தெய்வத்திடம் மேல்முறையீடு செய்யலாம். அதன் வாக்குதான் முடிவு.

"நம்ம சாஸ்தா கோயிலுக்குப் போவோமாட்டி?" என்றான் இசக்கிராஜ்.

"ஒங்க சாஸ்தா ஒங்க பக்கம்தான் பேசுவாரு. ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத சாமியா பாருங்க."

அப்படித்தான் திருநெல்வேலியிலிருந்து ஒலிமிஞ்சி ஊர்தியில் இரண்டு மணி நேரம் பறந்து, சீனத்துப் புனித மலையடிவாரத்தில் இருந்த தாவோ கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். மேகம் மலையைப் பாதிக்குமேல் விழுங்கியிருந்தது. உச்சிக்கொண்டையும் நீல அங்கியுமாக ஓர் எந்திரத் துறவி, பிறைவடிவ மரக்கட்டைகள் இரண்டை நீட்டினார்.

"கேட்டுவிட்டு வீசுங்கள். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். மற்றபடி விழுந்தால் மறுப்பு."

வடிவு கண்ணை மூடிக்கொண்டு, "டைட்டனுக்குப் போகணுமா?" என்று வீசினாள்.

சம்மதம்.

"முட்டி போடாம கேட்டுட்டேன். இது செல்லாது."

முட்டி போட்டாள். சம்மதம்.

"சாமிக்குத் தமிழ் புரிஞ்சிருக்காது." கையை ஆட்டி, வானத்தைக் காட்டி, தலையை வேகமாக அசைத்துக் கேட்டாள். இரண்டும் குப்புற விழுந்தன.

"பாத்தீங்களா! சாமியே சொல்லிட்டு!"

துறவி ஏட்டைப் புரட்டினார். "விசித்திரம். செவ்வாய்க்கிழமை இதே கேள்விக்குச் சம்மதம் வந்திருக்கிறதே."

"யாரு கேட்டா?"

"உங்கள் தீர்ப்பி. கணக்கு சரிபாதியாக நின்றுவிட்டால் எல்லாத் தீர்ப்பிகளும் இங்கேதான் கேட்கும். அவற்றுக்காக நான் வீசுவேன்."

இசக்கிராஜ் வாயைப் பிளந்தான். வடிவின் கண்கள் சுருங்கின. "எத்தன தடவ வீசினீங்க?"

"பத்தொன்பது. முதல் பதினெட்டும் மறுப்பு. அது விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது."

"அடப்பாவி!" வடிவின் குரலில் மணிமண்டபப் புறாக்கள் பறந்தன. "இது பித்தலாட்டம்லா! மொத தடவ விழுறதுதான் சாமி வாக்கு. அதுக்கப்புறம் கேக்கது எதுவும் செல்லாதுன்னு எழுதும் சாமி!"

"அதுவும் நியாயம்தான்." துறவி தூரிகையை மையில் தோய்த்து எழுதினார். "தீர்ப்பி கேட்டது எப்படியானாலும் மேல்முறையீடுதான் முடிவு. இன்றைய மேல்முறையீடு. முதல் வீச்சு, சம்மதம். பயணம் நலமாகட்டும்."

இசக்கிராஜ் சிரிப்பை அடக்க மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"ஐயையோ, மொத தடவ எனக்குக் கை வழுக்கிட்டு சாமி!"

"தீர்ப்பிக்குக் கையே கிடையாது அம்மா," என்றார் துறவி. "ஆனாலும் மறுப்பு வந்த பதினெட்டு தடவையும் கை வழுக்கிவிட்டது என்றுதான் சொன்னது. மனிதர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம்."