மேட்டுக்காட்டுக் கண்ணி

தேயிலைக் கொழுந்து வெட்டும் கத்தரியை நிறுத்திவிட்டு மலர் காதைக் கொடுத்தாள். மேட்டுக்காட்டில் சத்தமே இல்லை. மத்தியான மூட்டம் இறங்கும்போது காதைத் துளைக்கிற சிள்வண்டுகள்கூட இன்று வாயை மூடிக்கொண்டிருந்தன. ஈரமண் வாடையோடு வேறொரு நாற்றம், பூனை மூத்திரம் போலக் காரமாக, தேயிலைச் செடிகளுக்கு மேலே தவழ்ந்து வந்தது.

அது எங்கிருந்து வருகிறதென்று அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் ஜெகதீஸ்வரன் மேலே காட்டுக்குள் வைத்த கண்ணியில் ஒரு பெண்புலி சிக்கியிருந்தது. சுட்டால் தோலில் ஓட்டை விழுமென்று, பட்டினியிலேயே சாகட்டும் என விட்டுவைத்திருந்தான்.

"பாவம்ங்க, அவுத்து விட்டுடலாமே," என்று நேற்று கெஞ்சிப் பார்த்தாள்.

"இந்த மலையில இதுதான் கடைசியாம். தோல் வாங்குற டவுன்காரன் சொன்னான். கடைசின்னாதான் மவுசு லா," என்று சிரித்தபடி சோற்றைப் பிசைந்தான்.

"மலரு!"

மூட்டத்துக்குள்ளிருந்து அவன் குரல்.

"மோட்டார் சைக்கிள் பெட்டியில கம்பி வெட்டுற கட்டர் இருக்கு, எடுத்துக்கிட்டு ஓடியா! கால் மாட்டிக்கிச்சு!"

கட்டரோடு காட்டுக்குள் ஏறினாள். வழிநெடுக அவன் வைத்து மறந்த கண்ணிகள் தொங்கின. ஒன்றில் மான்குட்டியின் எலும்புக்கூடு. இன்னொன்றில் கரடியின் காய்ந்த தோல். புலிக்குத் தின்ன இந்தக் காட்டில் எதுவுமே மிச்சமில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஜெகதீஸ்வரன் சேற்றில் விழுந்து கிடந்தான். மோட்டார் பிரேக் கேபிளில் அவன் முறுக்கிய கண்ணியே அவன் கணுக்காலை இறுக்கியிருந்தது. பக்கத்திலேயே, மூட்டத்தில் மங்கலாய், புலி. விலா எலும்புகள் ஏறி இறங்கின.

"அது கட்டுல இருக்கு. கிட்ட வர முடியாது. நீ வெட்டு லா!"

மண்டியிட்டாள். கேபிளில் கட்டர் வழுக்கியது. ஓர் இழை அறுந்தது. இன்னொன்று.

கறுக்.

அது கட்டரின் சத்தமில்லை.

கறுக்.

"என்னடி அது?"

நிமிர்ந்தாள். புலி தலையைக் குனிந்து, கம்பி இறுக்கிய தன் முன்னங்காலைத் தானே கடித்துக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். கண் மட்டும் அவர்கள்மேல். எலும்பு முறிந்து வெள்ளையாய்த் துருத்தியது.

"வெட்டுடி!"

கேபிளில் இன்னும் பாதி இருந்தது.

புலியின் காலில் தோல் மட்டும்.