நடக்கவே நடக்காத வரி

அன்றைக்குச் சாயங்காலம் கோப்பு இறங்கி முடியவில்லை. வழக்கமாக ரோகிணி இணைப்பைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய், பால் பொங்கும்வரை நின்று, காபி கலந்து எடுத்துக்கொண்டு வருவதற்குள் அது தொலைபேசி வழியாக வந்து சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அன்று காபி ஆறி ஆடை கட்டியது. புதுப்பட்டினத்தின் மேல் ஐப்பசி மழை விட்டபாடில்லை. ஜன்னல் வழியாக மீன் வாடையும் ஈரச் சுவரின் வாடையும் கலந்து வந்தன. திரையில் நீலக் கோடு பாதிகூட நகரவில்லை.

இத்தனை பெரிய கோப்பாக இருக்க நியாயமே இல்லை. அவள் கணவன் பார்த்திபன் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரத்தில் இறால் குஞ்சு பொரிக்கும் ஒரு ஹேச்சரியில் மேற்பார்வையாளன். அங்கே நீளக் கூடத்தில் ஆறு தொட்டிகள். ஒவ்வொரு தொட்டித் தூணிலும் ஒரு சுவிட்ச். தொட்டி தொட்டியாகச் சுற்றுப் பார்க்கிறவர் அங்கே வந்ததும் மேலே தள்ள வேண்டும், போகும்போது கீழே தள்ள வேண்டும். ரோகிணி எழுதிக்கொடுத்த மென்பொருள் அதைப் பார்த்து ‘ஆள் வந்தார்’, ‘ஆள் போனார்’ என்று நேரத்தோடு ஒரு கோப்பில் வரி எழுதும்; அந்தக் கோப்புதான் தினமும் சாயங்காலம் இவளுக்கு இறங்கும். ஹேச்சரியில் விண்டோஸ், இவள் வீட்டில் லினக்ஸ், இரண்டிலும் ஒரே மென்பொருள் ஓடும். இரண்டாயிரத்து இரண்டில் தமிழ் எழுத்தை இரண்டு இடத்திலும் கட்டம் கட்டமாக விழாமல் காட்டவைப்பதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரவே முடியாத இடத்திலும் ஏதாவது ஒரு செய்தியைப் போட்டு வைப்பார்கள். சுவிட்ச் மேலே இருக்கும், இல்லையென்றால் கீழே இருக்கும். மூன்றாவது நிலை என்று ஒன்று கிடையாது. கிடையாத அந்த நிலைக்கு ரோகிணி தனக்குள் சிரித்துக்கொண்டே ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘இது நடக்கவே நடக்காது.’

போன மாதம் அந்த வரி ஹேச்சரித் திரையில் வர ஆரம்பித்தது. முதலாளி எல்லப்பன் பார்த்திபனைக் கூப்பிட்டு, “உன் சம்சாரம் இன்னா, என்னிய கிண்டல் பண்ணுதா? இத நிறுத்தச் சொல்லு, இல்லாங்காட்டி ரெண்டு பேரும் கெளம்புங்க” என்று சொல்லிவிட்டார். ரோகிணி தன் லினக்ஸில் ஓட்டிப் பார்த்தாள், வரவில்லை. அப்படியானால் விண்டோஸின் கோளாறு என்று முடிவு கட்டினாள். இரண்டு இடத்தில் ஓடும் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இதைவிட வசதியான சாக்கு எது? காரணத்தைத் தேடாமல், அந்த வரியைத் திரையில் காட்டாதே என்று மட்டும் ஓரிடத்தில் மாற்றினாள். தொல்லை தீர்ந்தது. ஆனால் கோப்பில் அது எழுதிக்கொண்டேதான் இருந்தது. தினமும் கோப்பு வந்ததா என்று பார்த்தாளே தவிர, திறந்து படிக்கவில்லை.

இறங்கிய வரைக்கும் இப்போது திறந்தாள். சாயங்காலச் சுற்று பார்ப்பது பார்த்திபன் ஒருவன்தான். மாதத்தின் தொடக்கத்தில் அவன் முதல் தொட்டியில் நிற்கும்போது நடக்கவே நடக்காத அந்த வரி கடைசித் தொட்டியில் இருந்தது. சில நாள் கழித்து ஐந்தில். பிறகு நான்கில். அவன் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. அவன் நின்றால் நின்றது. சுவிட்சில் ஈரம் ஏறினால் இப்படி ஆகுமா, வயர் பழுதா என்று தனக்குத் தெரிந்த காரணங்களை எல்லாம் சொல்லிப் பார்த்தாள். வயர் பழுதானால் ஒரே இடத்தில்தான் பழுதாகும். அது ஒருவன் பின்னால் நடக்காது.

நேற்று அது அவனுக்கு ஒரு தொட்டி பின்னால் இருந்தது.

இன்றையது இன்னும் இறங்கவில்லை. அவள் இறக்கத்தை நிறுத்திவிட்டு, நேரடியாக அங்கே எழுதப்படும் வரிகளைத் திரையில் வரவழைத்தாள்.

தொட்டி 2: ஆள் வந்தார்.
தொட்டி 2: இது நடக்கவே நடக்காது.

ஒரே தொட்டி. பயமாக இருந்தது, வெறும் பயம். உடனே கூப்பிட வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் கணினிக்கும் பேச்சுக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி. பார்த்துக்கொண்டிருந்தால் பேச முடியாது, பேசினால் பார்க்க முடியாது. இணைப்பைத் துண்டித்தாள். எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தான்.

“இன்னா ரோகிணி? மழைல கரண்டு போயிடுச்சா அங்க?”

“ஏங்க, அங்க உங்ககூட யாராவது இருக்காங்களா?”

அவன் சிரித்தான். பின்னால் காற்றுக் குழாய்கள் தொட்டிகளில் குமிழி விடும் சத்தம் கேட்டது. “உன் ஆளுதான் கீறான்.”

“என் ஆளா?”

“ஒரு மாசமா பின்னாலயே வந்துகினு கீறானே. சுவிட்ச் செக் பண்ண நீ அனுப்பிச்ச ஆளுன்னு நெனச்சேன். வாயே தொறக்க மாட்டான். நான் நவுந்ததும் சுவிட்ச்சத் தொட்டுத் தொட்டுப் பாப்பான்.”

“நான் யாரையும் அனுப்பலைங்க.”

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஆளு எப்படி இருப்பான்? மூஞ்சி எப்படி?”

“மூஞ்சியா?” என்றவன் யோசித்தான். “ஒரு மாசமா தெனமும் பாக்குறேன். மூஞ்சி ஞாபகத்துக்கு வரலியே, ரோகிணி.”

“போன வச்சிட்டு வெளிய வந்துடுங்க. ரோட்டுக்கு வந்துடுங்க. வேலை போனா போகுது.”

“கதவாண்டதான் நிக்கிறான்.” அவன் குரல் தணிந்தது. “இரு. பேசிப் பாக்குறேன்.”

“பேசாதீங்க. ஏங்க, பேசாதீங்க.”

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம். ஈரத் தரையில் செருப்பு ஒட்டி ஒட்டிப் போகும் சத்தம். தூரத்தில் அவன் குரல், “இன்னாபா, உனக்கு இன்னா...” அவன் முடிக்கவில்லை. அலறவில்லை. எதுவும் விழவில்லை. பிறகு குமிழிச் சத்தம் நின்றது, ஒவ்வொரு தொட்டியாக. யாரோ ரிசீவரை எடுத்து, பத்திரமாக அதனிடத்தில் வைத்தார்கள்.

திரும்ப அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. எல்லப்பன் வீட்டுத் தொலைபேசி செத்துக் கிடந்தது. போலீஸ் நிலையத்து எண்ணில் சுருதிப் பெட்டி மாதிரி ஒரே இரைச்சல். ஹேச்சரிக்குப் போய்ப் பார்க்க ஆள் கேட்டு, மழையில் இறங்கிப் பக்கத்து வீட்டு ஜெசிந்தாவின் கதவைத் தட்டினாள். “எங்க வூட்டுக்காரரு இன்னும் கல்பாக்கத்துலேர்ந்தே வரலக்கா, ஸ்டாஃப் பஸ் மாட்டிக்கிச்சாம். மாமல்லபுரம் ரோட்டுல இடுப்பளவு தண்ணியாம், ஒரு வண்டி போவல” என்றாள் ஜெசிந்தா. ரோகிணி ஈரப் புடவையோடு திரும்பி வந்தாள். செய்ய வேறு ஒன்றும் இல்லை. கணினியை இணைத்தாள். மோடம் கீச்சிட்டது. அந்தப் பக்கம் எடுத்தது.

திரை காலியாக இருந்தது.

காலியாகவே இருந்தது. ‘ஆள் வந்தார்’ என்று ஒரு வரி வந்தால் போதும். எந்தத் தொட்டியானாலும் சரி. அவள் வாய்விட்டே கெஞ்சினாள்.

வரி வந்தது.

தொட்டி 1: இது நடக்கவே நடக்காது.

அவள் காத்திருந்தாள். இன்னொன்று.

தொட்டி 1: இது நடக்கவே நடக்காது.

பிறகு இரண்டாம் தொட்டி. ஒன்று. சற்றுப் பொறுத்து, இன்னொன்று. மூன்றாம் தொட்டி. ஒன்று. இன்னொன்று. அவசரமில்லாமல், சுற்றுப் பார்க்கிறவர்கள் நடக்கிற நடையில், ஒன்றின் பின்னால் ஒன்றாக. ‘ஆள்’ என்ற சொல் வரவில்லை. ஆறாம் தொட்டிவரை போய், திரும்பி, மறுபடி ஒன்றிலிருந்து.

இரண்டில் எது பார்த்திபன் என்று அவளுக்குத் தெரியவில்லை. இணைப்பைத் துண்டித்தால் மறுபடி போலீஸுக்கு அடித்துப் பார்க்கலாம். துண்டித்தால் இந்த வரிகளும் இல்லாமல் போகும். கை பொத்தான்மேல் இருந்தது. அழுத்த முடியவில்லை.

தொட்டி 4: இது நடக்கவே நடக்காது.
தொட்டி 4: இது நடக்கவே நடக்காது.