முப்பத்தொன்பதாவது ஆள்

எர்ணாவூரில் பேருந்தை விட்டு இறங்கி, ரமாபாய் வழக்கம்போல எட்டு மணிக்கே தொழிற்சாலைக்குள் நுழைந்தாள். இரண்டாயிரத்து மூன்று, மாசி மாதம். தொழிலாளர் பாதுகாப்புச் சான்றிதழுக்கான தணிக்கை மறுநாள். அதற்கான ஏற்பாடெல்லாம் அவள் பொறுப்பு. அன்று, விபத்து நேர்ந்தால் எல்லாரும் வெளியேறுவதற்கான ஒத்திகை. சங்கு ஊதியதும் எல்லாரும் வேப்பமரத்தடியில் கூட வேண்டும். அவள் தலைகளை எண்ண வேண்டும்.

சங்கு ஊதியது. பதிவேட்டில் முப்பத்தெட்டுப் பேர். எண்ணினால் முப்பத்தொன்பது.

"இன்னாமே, எண்ணத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே காவலாளி திருமலை தானும் எண்ணினார். சிரிப்பு நின்றது.

"ஒண்ணு ஜாஸ்தியா கீதுமே."

எல்லாரையும் நிற்கச் சொல்லி, ஒவ்வொரு பெயராகப் படித்தாள். பெயர் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். காற்றே இல்லை. ஆனாலும் எங்கிருந்தோ அம்மோனியா வாடை வந்து கண்ணை எரித்தது. கடைசிப் பெயரும் முடிந்தது.

பின்னால் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

முகத்தை மூடி ஈரத்துண்டு. நீர் சொட்டியது.

மண் நனையவில்லை.

"நம்ம மண்ணாங்கட்டி..." திருமலை கிசுகிசுத்தார். அவள் இமைத்துப் பார்த்தபோது அங்கே யாருமில்லை.

பிள்ளைகள் தங்காத வீட்டில், எமனே வேண்டாமென்று விட்டுவிடட்டும் என வைத்த பெயர் அது. மூன்று வருடங்களுக்கு முன் அம்மோனியா வாயு கசிந்த அன்று சங்கு பழுது. ஈரத்துண்டால் முகத்தை மூடியபடி அவன் உள்ளேயே மூச்சடைத்துச் செத்துப்போனான். ஒப்பந்தக் கூலியான அவன் பெயரை ஆள் பதிவேட்டிலிருந்து அன்றே அடித்துவிட்டார்கள். விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி கூட இல்லை.

இப்போதுதான் அவனுக்குச் சங்கு கேட்டிருக்கிறது.

"முப்பத்தெட்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா," என்றார் மேலாளர் சுப்புராஜ். "பழசைக் கிளறினா சான்றிதழ் கிடைக்காது. உன் வேலையும் போயிடும்."

அவள் சம்பளத்தில்தான் வியாசர்பாடி வீட்டில் நான்கு பேர் சாப்பிட்டார்கள். இரவெல்லாம் புரண்டாள். ஆனால், காத்து நிற்பவனைப் பெயர் சொல்லி உட்காரச் சொல்வது பெரிய தர்மம்கூட இல்லையே. மனிதருக்கு மனிதர் செய்யும் சின்ன மரியாதை. காலையில் முதல் வேலையாக விபத்துப் பதிவேட்டைத் திறந்து அவன் பெயரையும் சாவையும் எழுதினாள்.

தணிக்கையாளர் முன்னிலையில் மறுபடியும் சங்கு ஊதியது. முப்பத்தெட்டுப் பெயர்கள் முடிந்தன. வாடை வந்தது. அவள் உரக்கப் படித்தாள்.

"மண்ணாங்கட்டி!"

பின்வரிசையில் புல் மெல்ல அழுந்தியது.

"யாரும்மா அவர்?" தணிக்கையாளர் கேட்டார். அவள் விபத்துப் பதிவேட்டை நீட்டினாள். அவர் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுச் சான்றிதழை நிறுத்தி வைத்தார்.

"நாளைக்கு இந்தப் பக்கம் வராதே," என்று பல்லைக் கடித்தார் சுப்புராஜ்.

"வருவேன் சார். சங்கு ஊதினா பேர் படிக்க ஆள் வேணும்ல?"

ஒத்திகைக்கு வந்தவர்களுக்கு மோர் ஊற்றினாள். முப்பத்தொன்பது டம்ளர். ஒன்றை மட்டும் அந்தப் புல்லின் மேல் வைத்தாள்.

மாலையில் அது காலியாக இருந்தது.

மேலே வேப்பங்கிளையில் ஓர் ஈரத்துண்டு தொங்கியது. அதிலிருந்து நீர் சொட்டியது.

இந்த முறை, மண் நனைந்தது.