நொடிக்கு ஒன்பது படம்

மூடி வைத்த லேப்டாப் இப்படிச் சுடக் கூடாது. பையிலிருந்து எடுத்தபோது அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி கையைச் சுட்டது. விசிறிச் சத்தமோ துளியும் இல்லை.

கொண்டுவந்தவள் தம்பியின் மனைவி. தம்பி இரவு வேலை முடிந்து வீட்டில் தூங்குகிறான், அவனுக்குத் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறாள். மூன்று மாதமாக எந்நேரமும் ஒரே விளையாட்டாம். அதுவும் திக்கித் திக்கி ஓடுகிறதாம். நாளைக்கு அவன் பிறந்தநாள், சரிசெய்து வைத்தால் சந்தோஷப்படுவான் என்றாள்.

"உங்ககிட்ட குடுக்கலாமேன்னு ஒரு வார்த்தை சொன்னேன், அதுக்கே அடிக்க வந்துட்டார் அக்கா" என்று சொல்லிவிட்டு, அவன் எழுந்திருப்பதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஓடினாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பதினைந்து வருடமாக இந்த சர்வீஸ் கடையே கதி என்று கிடப்பவள். அவளைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'ஸ்க்ரூ'தான். லேப்டாப்பை இந்த லட்சணத்தில் வைத்திருப்பது தெரிந்தால் அக்கா கிழித்துத் தொங்கவிடுவாள் என்று பயந்திருப்பான் என நினைத்துக்கொண்டாள்.

திறந்தாள். விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நீளமான, ஈரச் சுவர் கொண்ட ஒரு நடைபாதை. அதன் கடைசியில் ஒரு ஆள், கையில் சுத்தியல். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. மூலையில் ஒரு எண்: ஒன்பது. நொடிக்கு ஒன்பது படம்தான் திரையில் விழுகிறது என்று அர்த்தம். குறைந்தது அறுபது இருந்தால்தான் கண்ணுக்கு இதமாக இருக்கும். அந்த ஆள் காலைத் தூக்கினான், அப்படியே உறைந்தான். ஒன்பதில்கூட இவ்வளவு மந்தம் வராது. அவள் தேநீரைக் குடித்து முடித்த பிறகுதான் கால் தரையில் பட்டது.

மணி நான்குகூட ஆகவில்லை. மழை கட்டி நின்றதில் தெரு கறுத்துக் கிடந்தது. விடுமுறை நாள், பக்கத்துக் கடைகளெல்லாம் பூட்டியிருந்தன. கூரைத் தகரத்தில் ஒன்றிரண்டு துளிகள் விழும் சத்தமும், சூடான பிளாஸ்டிக்கின் கசந்த வாடையும், எங்கிருந்தோ துருப்பிடித்த இரும்பின் வாடையும் சேர்ந்து கடைக்குள் நின்றன. விளையாட்டை மூடிவிட்டு வேலை பார்க்கலாம் என்று தேடினாள். சேமித்து வைக்கும் வசதியே அதில் இல்லை. மூடினால் மூன்று மாத ஆட்டம் போய்விடும், தம்பி அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான். சரி, ஓட ஓடவே பார்ப்போம் என்று முதுகைத் திறந்தாள்.

விசிறிக்குள் பஞ்சு. தூசு இல்லை, பஞ்சு. விரலால் அழுத்தி அழுத்தித் திணித்திருந்தார்கள். செட்டிங்ஸில் வேகத்தை யாரோ அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தார்கள். நிழல், வெளிச்சம், புகை என்று இயந்திரத்தைக் கசக்கிப் பிழியும் எல்லாமே உச்சத்தில் இருந்தன. வேகம் வேண்டுமென்று கேட்கும் ஆட்களைத்தான் அவளுக்குத் தெரியும். வேலை மெனக்கெட்டு வேகத்தைக் கொல்லும் ஆளை இன்றுதான் பார்க்கிறாள். கொஞ்சம் உறுத்தியது. ஆனால் திக்கும் இயந்திரத்தைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

பஞ்சைப் பிடுங்கினாள். விசிறி பெருமூச்சு விட்டுச் சுழன்றது. செட்டிங்ஸை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். பையில் தம்பியின் சார்ஜர் கிடந்தது, சக்தியே இல்லாத பொடிசு, வயர் வேறு வெளுத்துப் பிளந்திருந்தது. இந்த மாதிரி சார்ஜரை மறுபடி யாரும் சொருகித் தொலைக்கக் கூடாது என்று முனையை வெட்டிவிடுவது அவள் பழக்கம். யோசிக்கவே இல்லை. நறுக். கடையின் பெரிய சார்ஜரைச் சொருகினாள்.

முப்பது. எழுபது. நூற்று நாற்பது.

அந்த ஆள் நடந்தான். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு நடந்தான். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நடைபாதை முடிந்து ஒரு கதவு வந்தது. கதவின் அடியில், ஃபிரிட்ஜை உள்ளே ஏற்றியபோது இடித்த பள்ளம். வாசலில் தம்பியின் செருப்பு.

அது தம்பி வீட்டு வாசல். போனை எடுத்து தம்பி மனைவியை வீடியோவில் அழைத்தாள்.

தம்பி மனைவி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாய் வாசலைப் பார்த்து விடாமல் குரைத்தது. யாருமே இல்லையே அக்கா, இது ஏன் இப்படிக் கத்துகிறது என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, லேப்டாப்பில் கதவு திறந்தது. சுத்தியல் மேலே போனது. கீழே வந்தது.

போனில் நாயின் வீறிடல். பாதியில் அறுந்தது.

சுத்தியல் மறுபடி இறங்கியது. மறுபடியும். நாயின் தலை தரையோடு தரையாக ஆகும்வரை. போனில் தம்பி மனைவி மூச்சை இழுத்தாள், அலறக்கூட வரவில்லை. சுவரெங்கும் தெறித்திருந்தது.

"படுக்கையறைக்கு ஓடு. தாழ்ப்பாள் போடு. அவனை எழுப்பு."

ஓடினாள். தாழ்ப்பாள் விழுந்தது. திரையில் அந்த ஆள் திரும்பினான். படுக்கையறைக் கதவில் முதல் அடி. போனில் அதே அடி.

அக்கா சார்ஜரைப் பிடுங்கினாள். எண் விழுந்தது. அறுபது. பஞ்சைத் திரும்பத் திணித்தாள், விசிறி முனகி நின்றது. இரண்டு உள்ளங்கையாலும் காற்று போகும் வழியை அடைத்து அழுத்தினாள். தோல் சுட்டது. முப்பது. பதினைந்து. ஒன்பது.

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

போனில் தம்பியின் முகம் வந்தது. தூக்கம் கலையாத, மூன்று மாதத்தில் பாதியாய்ப் போன முகம்.

"ஸ்க்ரூ, அப்படியே பிடிச்சுக்கோ. மெதுவா ஓடுற வரைக்கும்தான் அது கட்டுக்குள்ள இருக்கும். அணைஞ்சிடக் கூடாது. அணைஞ்சா பிடிச்சு வைக்க ஒண்ணுமே இருக்காது."

ஏன்டா என்னிடம் சொல்லவில்லை என்று அவள் அழுதாள். சொன்னால் நீ திறந்து பார்ப்பாய், திறந்தால் சரிசெய்வாய் என்றான். அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

தப்பிக்க இருந்த ஒரே வழி படுக்கையறை ஜன்னல், அதன் கம்பியில் நான்கு திருகாணி. சாப்பாட்டுக் கத்தியின் முனையால் அவன் திருகினான். துருவை முதலில் தட்டி உடைக்கச் சொன்னாள். ஒன்று கழன்றது. கதவில் அடி, நீண்ட உறைவு, மறுபடி அடி. இரண்டாவது கழன்றது. அவள் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி உடைந்தது. கையை எடுக்கவில்லை.

திரையின் மூலையில் சிவப்பு. பேட்டரி நான்கு சதவீதம். மூன்று மாதம் வெந்த பேட்டரி.

பெரிய சார்ஜரை முழங்கையால் இழுத்து, விரலால் சொருகிப் பார்த்தாள். எண் எழுபதுக்குத் தாவியது. கதவில் ஒரு பலகை பிளந்து அறைக்குள் விழுந்தது. தம்பி மனைவி வீறிட்டாள். அக்கா சார்ஜரைப் பிடுங்கினாள். ஒன்பது. மூன்று சதவீதம்.

பொடிசு வேண்டும். அந்தப் பொடிசு சார்ஜர். மேசைக்கு அடியில், இரண்டு துண்டாக.

ஒரு கையால் எட்டி எடுத்தாள். வயரைப் பல்லால் உரித்தாள். செம்பு நாக்கைக் கிழித்தது. ஒரு துண்டை லேப்டாப்பிலும் இன்னொன்றைச் சுவர் பிளக்கிலும் சொருகினாள். முறுக்கினாள். கொப்புளத் தண்ணீரில் வயர் வழுக்கியது. முறுக்கினாள். நழுவியது.

"மூணாவது வந்துடுச்சு. இன்னும் ஒண்ணுதான் ஸ்க்ரூ. ஒரு நிமிஷம் குடு."

இரண்டு.

"ஒரு நிமிஷம்."

ஒன்று. செம்போடு செம்பு தொட்டது. பொறி பறந்தது.

திரை அணைந்தது.

போனில் கதவு உடைந்த சத்தம் கேட்கவில்லை. கதவே இல்லாதது போல எதுவோ உள்ளே வந்தது. போன் கீழே விழுந்து மல்லாந்து கிடந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி "அக்கா" என்றாள், இன்னொரு முறை 'அ' என்று தொடங்கினாள், ஈரமான ஏதோ ஒன்று நொறுங்கியது.

சுத்தியல் படத்துக்குள் உயர்ந்தது. அதில் முடி ஒட்டியிருந்தது. கீழிருந்து தம்பியின் கை நீண்டு அதைப் பிடிக்கப் பார்த்தது, ஐந்து விரலும் விரிந்திருந்தன. சுத்தியல் விரல்களை உடைத்துக்கொண்டு இறங்கியது. உயர்ந்தது. இறங்கியது. கை இன்னும் மேலேதான் நின்றது, விரல்கள் மட்டும் நான்கு திசையில் தொங்கின. அக்காவால் கண்ணை எடுக்க முடியவில்லை. உயர்ந்தது, இறங்கியது, உயர்ந்தது, எங்கேயும் ஒரு திக்கல்கூட இல்லாமல்.