கிழக்கு வளைவும் பதினாறு ஸ்பிரிங்குகளும்

அன்று காலை புதுக்கோவையின் ஆறாம் தெருவில் எல்லோரும் மூச்சுக்கவசம் மாட்டிக்கொண்டுதான் காப்பி குடித்தார்கள். கவசத்தை விலக்கி ஒரு மடக்கு, உடனே மூடல், பிறகு மறுபடி ஒரு மடக்கு. மகுடேஸ்வரி தன் பட்டறையில் எஞ்சின் ஓட்டப் போகிறாள் என்று முந்தின நாளே தெருவுக்குச் சொல்லியிருந்தாள். செவ்வாய்க் கோளில் காற்றை அடைத்து வைத்திருக்கும் வளிமாடத்துக்குள் ஒரு பெட்ரோல் எஞ்சின் ஓடுவதென்றால் தெருவில் ஒரு பெரிய குடும்பம் புதிதாகக் குடிவந்த மாதிரி. இருக்கிற காற்றையெல்லாம் அதுவே குடித்துவிடும்.

"ஏனம்மணி, இன்னும் எவ்வளவு நேரமாகும்? தாளிச்ச வாசம்கூடத் தெரியமாட்டீங்குது!" என்று எதிர்வீட்டு ருக்மணியக்கா கவசத்துக்குள்ளிருந்து கத்தினாள்.

"முடிஞ்சுதுங்கக்கா. உங்க பையன் தினகரன் வண்டிய ஓட்டிப் பாத்தப்ப நாங்க மட்டும் மூச்சு விட்டமாக்கும்?"

ருக்மணியக்கா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். மகுடேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு அது ஆறும்வரை பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். நாளைக்குப் பந்தயம்.

ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வட்டப் பந்தயத்துக்கு விசித்திரமான விதி ஒன்று உண்டு. ஓட்டுநரின் எஞ்சினை அவர் வீட்டார் மட்டுமே கோக்க வேண்டும். வெளியாள் கை பட்டால் சதி நடக்கும் என்று பயந்த யாரோ எழுதி வைத்தது. அதனால் நாச்சிமுத்துவின் எஞ்சின் அவன் மனைவி மகுடேஸ்வரியின் பொறுப்பு.

போன ஆண்டு கிழக்கு வளைவில் அவன் வண்டி சுவரில் மோதியது. வலப்பக்க விலா எலும்புகளை மருத்துவமனையில் அச்சிட்டுப் பொருத்தினார்கள். ஆள் பழையபடி ஆகிவிட்டான். ஆனாலும் தூக்கத்தில் அவன் மேல் கை போட்டால் அந்தப் பக்கம் மட்டும் சில்லென்றிருக்கும். அதன்பிறகு அவளுக்குத் தூக்கம் வராது.

எஞ்சின் ஆறியது. மகுடேஸ்வரி பதினாறு வால்வு ஸ்பிரிங்குகளையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தாள். புது ஸ்பிரிங்குகள் முதல் சூட்டில் கொஞ்சம் பிடிப்பை இழக்கும். ஒருமுறை ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி அளந்தால்தான் உண்மையான பலம் தெரியும். அளப்பதற்கென்றே பட்டறையில் அளவன் என்ற இயந்திரன் இருந்தான். எஞ்சினுக்குள் ஸ்பிரிங் எந்த உயரத்தில் உட்காருமோ அந்த உயரத்துக்குத் தன் இரும்பு விரல்களால் அழுத்தி, அது எவ்வளவு பலத்தோடு எதிர்த்துத் தள்ளுகிறது என்று சொல்லுவான்.

"எல்லாமே கொஞ்சம் இறங்கியிருக்குதுங்கக்கா. வழக்கம்போல ஸ்பிரிங்குக்குக் கீழ அடித்தகடு ஒண்ணொண்ணு சேத்துப் போட்டா பிடிப்பு ஏறிக்கும்."

"சேக்க வேண்டாம்," என்றாள். "இருக்கறதையும் எடுத்துரு."

அளவனின் விரல்கள் அந்தரத்தில் நின்றன.

ஸ்பிரிங்கின் வேலை, திறந்த வால்வைச் சட்டென்று மூடுவது. எஞ்சின் வேகம் ஏற ஏற அதற்குக் கிடைக்கும் நேரம் சுருங்கும். பிடிப்புக் குறைந்த ஸ்பிரிங் மூடி முடிப்பதற்குள் அடுத்த திறப்பு வந்துவிடும். வால்வு நடுவழியில் மிதக்கும், எஞ்சின் இருமும். எவ்வளவு மிதித்தாலும் அதற்கு மேல் வேகம் ஏறாது. வண்டி ஓட்டுபவனிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்துத் தோற்றுப்போன மகுடேஸ்வரி, இனி ஸ்பிரிங்கிடம் கேட்டுக்கொள்வதென்று முடிவு செய்திருந்தாள்.

"பிடிப்பு விட்டா வால்வு பிஸ்டன்ல இடிக்குமுங்களே?"

"அதெல்லாம் பாக்காம இருப்பனா?" செம்மண்ணைக் குழைத்து பிஸ்டன் தலையில் அப்பி, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய மண்ணின் கனத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். இடிக்காது. தாராளமாக இடம் இருந்தது.

அடித்தகடுகளை எடுத்தாள். எடுத்த பிறகும் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒன்று கூட, ஒன்று குறைய விட்டுவைக்க அவள் கை ஒப்பாது. மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி வைத்து, பதினாறும் ஒரே பலத்தில் நிற்கும்வரை அளவனை விடவில்லை.

அந்த நேரத்தில் நாச்சிமுத்து உள்ளே வந்தான். ஆண்டு முழுக்கப் பழகிய உற்சாகம் அவன் முகத்தில் அப்படியே இருந்தது.

"என்ன அளவா, ஸ்பிரிங்கெல்லாம் எப்படி?"

மகுடேஸ்வரி கழற்றிய தகடுகளைக் கையால் மூடினாள். இயந்திரன்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அளவன் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். "பதினாறும் ஒரே அளவுங்கண்ணா. இவ்வளவு பொருத்தமா நான் பாத்ததே இல்லீங்."

"என்ர பொண்டாட்டின்னா சும்மாவா!" நாச்சிமுத்து அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான். கிள்ளிய இடம் வெகுநேரம் சுட்டது. ஆசையாக நம்பியிருக்கிற மனுசனைத் தோற்கடிக்கப் போகிறோம். மறுபடி தகடுகளைப் போட்டுவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவை உட்கார்ந்தாள்.

மறுநாள் பார்வையாளர் மேடையில் அவளால் உட்காரவே முடியவில்லை. எஞ்சின்கள் உறுமிக் கிளம்பின. மூன்றாவது சுற்றில் நாச்சிமுத்துவின் வண்டி கிழக்கு வளைவை நோக்கி முடுக்கியது. எந்தச் சுதியில் இருமும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது இருமல். கண்ணை மூடிக்கொண்டாள். இனி எல்லா வண்டியும் அவனைத் தாண்டிவிடும்.

ஆனால் இருமல் நிற்கவில்லை. பக்கத்தில் ஒன்று, பின்னால் இரண்டு, அப்புறம் மொத்தமாக. கண்ணைத் திறந்தாள். அத்தனை வண்டிகளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கிற நோயாளிகளைப் போல இருமிக்கொண்டே வளைவைக் கடந்தன.

மகுடேஸ்வரி மெல்லத் திரும்பினாள். மேடை முழுக்க இருந்த மனைவிமார், தாய்மார், அக்காமார் ஒருவர்கூட நேராகப் பார்க்கவில்லை. ருக்மணியக்கா மடியில் இல்லாத நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அம்மணி, எல்லா வண்டிக்கும் சளி புடிச்சுருச்சாட்ட இருக்குது?"

"ஆமாங்கக்கா. பனிக்காலமில்லீங்களா?"



அவசரத்தில் கைக்கு வந்தபடி தகடுகளை உருவிய எஞ்சின்கள் குறைந்த வேகத்திலேயே மூச்சு வாங்கின. பதினாறும் ஒரே அளவாக நின்ற எஞ்சின் அவற்றைவிட வேகம் ஏறிய பிறகுதான் இருமியது. நாச்சிமுத்து வென்றுவிட்டான். ஒரு கீறல்கூட இல்லை.

கோப்பையை மடியில் வைத்தபடி அவன் வீட்டு மின்வண்டியான மின்னுருளியில் ஏறினான். கை கடுத்துப் போயிருந்ததால் வீட்டுக்கு மகுடேஸ்வரிதான் ஓட்டினாள். பின்னிருக்கையில் அளவன்.

"அக்கா, இருக்கைவார் மாட்டலீங்களே?"

"இங்க இருக்கற வீட்டுக்கு வாரு எதுக்குடா?"

வெளியேறும் சுரங்கப்பாதையில் கூட்டம் முட்டியது. மகுடேஸ்வரி ஒலிப்பானை அழுத்தியபடியே எதிர்த்தடத்தில் ஏற்றினாள். கண்முன் மிதந்த பேசித்திரையில் அவள் தங்கை வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே சரக்கு வண்டி ஒன்றை மயிரிழையில் ஒடித்துக் கடந்தாள். அப்போது இடப்பக்கச் சந்தில் புகுந்து, சுவரை உரசிக்கொண்டு ருக்மணியக்காவின் உருளி முந்தியது. உள்ளே தினகரன் கண்களை இறுக மூடியிருந்தான்.

"திமிரப் பாத்தீங்களா இந்த அக்காவுக்கு!" மகுடேஸ்வரி முழுவேகத்தையும் திருகினாள்.

அளவன் குனிந்து இருக்கைக்கு அடியில் தேடினான். மின்னுருளியில் எடுப்பதற்கு அடித்தகடு எதுவும் இல்லை.

நாச்சிமுத்து ஒரு கையால் கோப்பையையும் மறுகையால் அச்சிட்ட விலாவையும் பிடித்துக்கொண்டான்.

"மெதுவா போ கண்ணு..."

அவள் பாதையை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். முகத்தில் நிஜமான ஆச்சரியம்.

"ஏனுங், நான் என்ன பந்தயமா ஓட்டறேன்?"