மழை வேண்டாம்

படத்தில் மழைத்துளிகள் இருந்தன. மழை என்று அவன் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை.

காவல் நிலையத்தின் பின்னறை அது. சாட்சி சொல்லும் அடையாளங்களை எழுத்தாக அடித்தால் கணினி படமாக வரைந்து தரும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை, அதனால் நிலையத்தில் எல்லோருக்கும் அவன் 'முகக்காரர்'. பட்டப்பகல்தான். ஆனாலும் ஜன்னல் சாத்திய அந்த அறையில் நனைந்த தாரின் வாசனை எங்கிருந்தோ கிளம்பி, பழைய கோப்புகளின் புழுதி நெடியை அமுக்கிவிட்டு, மெல்ல மெல்ல அவன் மூக்கருகே வந்து நின்றது.

எதிரே அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். பத்து நாளைக்கு முன் மழையில் ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டுப் போனதில் செத்துப்போன மனிதரின் மனைவி.

"நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னேன் தம்பி. கார் நின்னுச்சு. இவர் முன்னாடி விழுந்து கிடந்தார், எழுந்திரிக்கப் பார்த்தார், கையத் தூக்கினார். உள்ள இருந்தவன் பார்த்துட்டே வண்டியத் திருப்பிட்டுப் போயிட்டான். பெரிய மீசை."

மழித்துப் பத்து நாளாகியும் அவன் மேலுதடு எரிந்தது.

ஆமாம், அவன்தான். இறங்கியிருக்கலாம். ஒரு போன் போட்டிருக்கலாம். எதையும் செய்யாமல் வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டான், பாவி.

'ஒல்லி முகம், வயதானவர், மீசை வேண்டாம், மழை வேண்டாம்' என்று அடித்தான். பதற்றத்தில் தொழிலின் அரிச்சுவடியே மறந்துபோயிற்று. இந்தக் கணினியிடம் ஒன்றை வேண்டாம் என்றால், அதையே பிடித்துக்கொண்டு வரையும்.

மழை கொட்டியது. படம் முழுக்கக் காரின் முன்கண்ணாடி. அதற்கு வெளியே மங்கலாக ஏதோ எழுந்து நின்றது. கணினியின் விசிறிச் சத்தம் மாறி, சர்க்... சர்க்... என்று வைப்பர் போல் இழுத்தது.

"நான் சொன்னதைத்தானே தம்பி அடிக்கிறீங்க?"

"ஆமாம்மா."

"கோவிச்சுக்காதீங்க. இங்க நீங்க ஒருத்தர்தான் உட்கார வெச்சுத் தண்ணி குடுத்தீங்க. நல்லா இருக்கணும் நீங்க."

அந்த வார்த்தை நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. சொல்லிவிடு என்றது மனசு. சொன்னால் ஜெயில்.

'ஆள் வேண்டாம். கை வேண்டாம்.'

முகம் வந்தது. அவன் முகமில்லை. நெற்றியில் ரத்தம். அகல விரிந்த கண்கள். அன்றைக்குப் பார்த்த அதே கண்கள்.

"ஐயோ! எங்க வீட்டுக்காரர்!" அந்த அம்மா திரையை நெருங்கினாள். "உயிரோட இருக்காரே... யாரை இப்படிப் பார்க்கிறார்?"

பிளக்கைப் பிடுங்கினான். திரை அணையவில்லை.

சர்க்.

கண்ணாடியின் உட்பக்கம் ஒரு நிழல் தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த ஆளின் பிம்பம். மங்கல். மீசை மட்டும் தெளிவு.

அந்த அம்மா அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி, அவன் மேலுதட்டைப் பார்த்தாள்.

மேஜையில் தண்ணீர் சொட்டியது. திரையிலிருந்து.

கண்ணாடிக்கு வெளியே நின்றவர் கையைத் தூக்கினார். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து, மழைநீரை மெதுவாகத் துடைத்துவிட்டு, உள்ளே இருப்பது யாரென்று குனிந்து பார்த்தார்.