ஒன்பது வருடம் ஆப்சென்ட்

"ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணு... ரொம்ப நாளா ஸ்கூலுக்கு வரல. இந்த விலாசம்தானே?"

தொப்பலாக நனைந்து சலவைக்கடை வாசலில் நின்றான் அவன். படிப்பை நிறுத்தியவர்களை வீடு வீடாகத் தேடிப்போய்த் திரும்பச் சேர்ப்பது அவன் வேலை. நெஞ்சோடு அணைத்திருந்த பட்டியல் மட்டும் நனையவில்லை.

தேய்த்துக்கொண்டிருந்தவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நான்தான் அது."

அவன் அவளைப் பார்த்தான். பட்டியலைப் பார்த்தான். மறுபடி அவளை... அந்தக் கண்களுக்குப் பதினாலு வயது இல்லை.

"வருஷத்தப் பாருங்க சார். ஒன்பது வருஷத்துப் பழைய பட்டியல். ஆபீஸ்ல யாரோ உங்க தலையில கட்டிட்டாங்க."

அவனுக்குக் காதுமடல் வரை சூடேறியது. போயிருக்கலாம். போகவில்லை.

"இருந்தாலும்... காரணம்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. ஏன் நின்னீங்க?"

"அப்பா படுத்துட்டார். படிக்கிறது அண்ணனா நானான்னு வந்துச்சு. என்னை நிறுத்தினாங்க. யாரும் தேடி வரலன்னும் சேர்த்து எழுதிக்கோங்க."

இரண்டையும் எழுதினான். அந்த வருடம் யாராவது கதவைத் தட்டமாட்டார்களா என்று எத்தனை நாள் காத்திருந்தாள்... இத்தனை தாமதமாக வந்தவன் மேல் அவளுக்குக் கோபம்தான் வந்தது. அதற்கு நடுவிலும், இவன் இமையில் அந்த மழைத்துளி ஏன் விழாமல் நிற்கிறது என்று ஒரு எண்ணம்... சீ, என்ன மனம் இது.

மறுநாள் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு விண்ணப்பத்தோடு வந்தான். அன்றுதான் கடைசி நாள்.

கடையை நடத்தும் அண்ணன் எட்டிப் பார்த்தான். "இந்த வயசுல என்னடி பரீட்சை? இவ படிக்கப் போனா தேய்க்கிறது யாரு?"

"நீ."

"கையெழுத்துப் போட்டுட்டு இந்தக் கடைப் படி ஏறாத. சொல்லிட்டேன்."

அவள் அண்ணனை விட்டுவிட்டு, விண்ணப்பம் கொண்டுவந்தவன் பக்கம் திரும்பினாள். "நீங்க பரிதாபப்பட்டு வந்திருந்தா, இப்பவே நடையைக் கட்டுங்க."

"பரிதாபம்னா யார்கிட்டயாவது குடுத்தனுப்பியிருப்பேன்." அவன் குரல் இறங்கியது. "நேத்துலேர்ந்து வேற ஒண்ணும் ஓடல... உங்களைப் பாக்கணும்னுதான் வந்தேன்."

அவள் மேஜை மேல் கிடந்த போர்வையை ஒதுக்கி, அண்ணன் பார்க்க, நிதானமாக அழுத்திக் கையெழுத்திட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவன் கூடவே ஓடி வந்தான்.

"இந்தப் பரீட்சை எனக்காக எழுதுறேன். உங்களுக்காக இல்ல," என்றாள் நடந்துகொண்டே.

"சரிங்க."

நாலடி நடந்து நின்றாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"உங்களைப் பிடிச்சிருக்கு... அது வேற விஷயம்."